கட்டியத் தொரைக்கு மூன்றாவது பாக்கு

என் அன்புக்கும் மரியாதைக்கும் என்றும் உரிய சார்,

போடிநாயக்கனூரிலிருந்து ஜெயக்கொடி எழுதுகிறேன். இத்தனை வருஷமாக உங்களுக்கு எழுதிய எல்லாக் கடிதங்களையும் 'சார்' என்றுதான் தொடங்கினேன். இதையும் அப்படியே தொடங்கியிருக்கிறேன். ஆனால் முடிக்கும்போது உங்களை வேறு ஒரு பெயரில் கூப்பிட நினைக்கிறேன். அதற்கு எனக்கு உரிமை உண்டா இல்லையா என்பதைக் கடைசி வரை கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் அலுவலக நண்பர் எழுதிய கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. "ஒங்க கட்டியத் தொரை எழுதிருக்காரு தாயி" என்று தபால்காரர் சிரித்துக்கொண்டே நீட்டினார். உறையின் மேல் இருந்தது உங்கள் கையெழுத்து இல்லை. வாசலிலேயே பிரித்துப் படித்தேன். குளிர்காலத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். கடைசி வாரம் வரை மேசைக்குப் பேப்பர் கொண்டுவரச் சொன்னீர்களாம். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த வாசனை வந்த பிறகுதான் நான் உள்ளே போனேன்.

உங்களுக்குக் கட்டியத் தொரை என்று பெயர் வைத்தது என் அப்பாதான். உங்கள் உத்தியோகம் என்னவென்று நான் அவருக்கு விளக்கிய அன்று வைத்த பெயர் அது. அரச ஊர்வலத்தில் யார் முன்னால், யார் பின்னால் என்று வரிசை வைப்பது, முடிசூடினால் அதை ஊருக்குக் கூவி அறிவிப்பது, பழைய குடும்பங்களின் வம்சத்தை ஆராய்ந்து யாருக்கு எந்தச் சின்னம் சொந்தம் என்று தீர்த்துச் சொல்வது. இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பா, "அட, அரண்மனையில கட்டியம் சொல்ற ஆளுன்னு சொல்லு" என்றார். அத்தோடு ஊருக்கே நீங்கள் கட்டியத் தொரை ஆகிவிட்டீர்கள்.

முதல் நாள் நினைவிருக்கிறதா சார்? எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். நான் டைப்பிஸ்டாக இருந்த ஏலக்காய் கமிஷன் கடையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றீர்கள். குரங்கணிக்கு மேலே உங்கள் அப்பா மேனேஜராக இருந்த எஸ்டேட்டில் உங்கள் அம்மாவின் கல்லறை இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். கடையில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்ப முடியுமா? அப்பாவும் ஜீப்பின் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். ஜீப்பு ராசிங்காபுரம் செல்வராசுவுடையது.

மலையில் பிறந்து ஆறு வயதில் கப்பல் ஏற்றப்பட்டவர் நீங்கள். ஆயாவிடம் படித்த தமிழ் மட்டும் உங்களிடம் மிச்சம் இருந்தது. அறுபதை நெருங்கிய மனிதர் என் அப்பாவைப் பார்த்து, "அப்பு, பசிக்குது. சோறு கொண்டா. வெரசா வா" என்றதும் செல்வராசு ஜீப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தான். மரியாதையைக் கட்டிக் காப்பதையே தொழிலாகச் செய்தவருக்குத் தமிழில் ஒரு 'ங்க' கூடத் தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்தேன். மூன்றே நாளில் பிடித்துக்கொண்டீர்கள். நான்காம் நாள் எஸ்டேட் நாயிடம், "இங்க வாங்க, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் ஊர்வல உடுப்புப் போட்ட போட்டோவைக் காட்டினீர்கள். முன்னும் பின்னும் சிங்கம் தைத்த கனத்த ஜரிகைச் சட்டை. அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோயில் மாட்டுக்குப் போத்துற துணி மாதிரியில்ல இருக்கு" என்றார். மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று நான் திணறினேன். நீங்கள் விடவில்லை. சொன்னதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். வெயில் காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றால் மாட்டின் கஷ்டம் தெரியும் என்றீர்கள்.

உங்கள் ஊர் ஊர்வலத்தில் சின்ன ஆட்கள் முன்னால் போவார்கள், பெரியவர்கள் கடைசியில்தான் வருவார்கள் என்று அன்றைக்குச் சொன்னீர்கள். சண்டையிலிருந்து திரும்பி உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் நீங்கள்தான் எல்லோருக்கும் முன்னால் நடந்தீர்களாம். வருஷம் ஏற ஏறப் பின்னால் போனீர்களாம். அப்பா இதை மனதில் குறித்து வைத்துக்கொண்டார். அதனால் பின்னால் என்ன வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

கல்லறையை ஏலக்காய்ச் செடி மூடியிருந்தது. கூலியாள் ஒருவர் அரிவாளால் பாசியைச் சுரண்டப் போனார். நீங்கள் தடுத்து, வேட்டித்துணியை நனைத்து, ஓர் எழுத்துக்கு ஒரு நாழிகை என்று துடைத்தீர்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. அம்மாவின் முழுப் பெயரும் தெரிந்ததும் முட்டிபோட்டு உட்கார்ந்து, "அம்மா, வந்துட்டேன்" என்றீர்கள். இங்கிலீஷில் அல்ல, தமிழில். எனக்கும் சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டாள். அந்த நிமிஷம் உங்கள்மேல் வந்த பாசம் இன்றைக்கு வரை குறையவில்லை.

மறுநாள் கேட்டீர்கள் பாருங்கள் ஒரு கேள்வி. "அந்த டிரைவர் ஏன் ரோட்டைப் பார்க்காமல் கண்ணாடியையே பார்க்கிறார்? கண்ணாடியில் தெரிவது நீ அல்லவா?" நல்லவேளை, அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

சொல்லிவிட்டேன். செல்வராசுவும் நானும் ஒருவரை ஒருவர் விரும்புகிறோம், ஆனால் கட்டிக்கொள்ள முடியாது. இரண்டு வீட்டுக்கும் குலசாமி ஒன்று. குரங்கணிக்கு மேலே ஓடைக்கரையில் நிற்கும் கல்லுச்சாமி. அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்துதான் எங்கள் ஆட்கள் பொட்டிபுரத்திலும் அவன் ஆட்கள் ராசிங்காபுரத்திலும் கோயில் வைத்தார்கள். ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளி, ஒரே வம்சம். அப்படியானால் அவன் எனக்கு அண்ணன் முறை. முறை மாறிக் கட்டினால் இரண்டு ஊரும் எங்களைத் தள்ளி வைக்கும். அம்மா போன பிறகு என்னையும் தம்பியையும் தோளில் வைத்து வளர்த்த தாய்மாமன் வேலுச்சாமி, குரங்கணியில் காபித்தோட்டக்காரர், அவரே சொல்லிவிட்டார்: "அண்ணன் மொறைக்காரனக் கட்டுறதுக்கு நீ கெணத்துல விழு. நானே தள்ளி விடுறேன்."

அப்போது உங்களிடம் ஒன்று கேட்டேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "சார், நீங்கள் வம்சம் பார்க்கிறவர். வெள்ளைக்காரர். ரெண்டும் வேற வேற வம்சம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊர் நம்பும். சொல்லுங்கள்" என்றேன்.

மாட்டேன் என்றீர்கள். "தேடிப் பார்க்கிறேன். ஒரே இரத்தம் என்று தெரிந்தால் அதையும் சொல்வேன். உனக்குப் பிடிக்காவிட்டாலும் சொல்வேன்" என்றீர்கள். இரண்டு நாள் உங்களுடன் பேசவில்லை நான். நீங்கள் சொன்னதற்கெல்லாம் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன். என்ன மனுஷன் இவர், ஒரு பொய் சொன்னால் வாயா வெந்துவிடும் என்று அப்படி ஒரு கோபம்.

மூன்றாம் நாள் நீங்களாகவே கரண்டிக் கதையைச் சொன்னீர்கள். எஸ்டேட் பங்களாவில் உங்கள் அப்பா ஒரு பரம்பரைச் சின்னம் பொறித்த வெள்ளிக் கரண்டிகள் வைத்திருந்தார். அது நம் குடும்பச் சின்னம் என்று சொல்லித்தான் உங்களுக்குச் சோறு ஊட்டினார்கள். அந்தப் பெருமையில்தான் இந்த உத்தியோகத்துக்கே போனீர்கள். போனதும் முதல் வேலையாகச் சொந்த வம்சத்தைத் தேடினீர்கள். சின்னம் வேறொரு மாவட்டத்துக் குடும்பத்துடையது. பெயர் ஒன்றாக இருந்ததால் உங்கள் தாத்தா கடையில் கரண்டியை வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதை எழுதி, கீழே உங்கள் கையெழுத்தையும் போட்டுப் பதிவேட்டில் வைத்தீர்கள். உங்கள் அப்பா ஒரு வருஷம் உங்களுக்குக் கடிதம் போடவில்லை.

"ஒரே சின்னம் இருந்தால் ஒரே குடும்பம் என்று நினைப்பதுதான் எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற தப்பு. உங்கள் ஊரில் சாமி விஷயத்தில் அதே தப்பு நடந்திருக்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம். பார்ப்போம்" என்றீர்கள். கோபம் போய்விட்டது சார். அதற்குப் பதிலாகப் பயம் வந்தது.

எங்கிருந்து தொடங்கினீர்கள் என்பதுதான் ஆச்சரியம். எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து அப்பாவிடம், "ராசிங்காபுரத்துக்காரவுக வீட்டுல சாவு விழுந்தா, நீங்க எத்தன நாள் தீட்டுக் காக்குறீங்க?" என்று கேட்டீர்கள். அந்த வாக்கியத்தை என்னிடம் காலையிலிருந்து மனப்பாடம் செய்திருந்தீர்கள்.

அப்பா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "நாங்க... எங்க அப்பு காலத்துல..." என்று இழுத்தார். பிறகு, "காத்ததில்லையே" என்றார். பங்காளி என்றால் சாவுக்குத் தலைமுழுக வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. தொடர்பு விட்டுப்போச்சு என்று அவரவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இத்தனை காலம் இந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை.

இதை வைத்தே முடித்திருக்கலாம். இது சந்தேகம்தான், ஆதாரம் இல்லை என்று பன்னிரண்டு நாள் எஸ்டேட்டின் பழைய கிட்டங்கியில் கரையான் தின்ற நோட்டுகளோடு உட்கார்ந்தீர்கள். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஏடு ஏடாகப் பிரித்தீர்கள். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டீர்கள். காடு வெட்டி ஏலக்காய் வைத்த காலத்து ஆள் பதிவேடு. எங்கள் முப்பாட்டன் பொட்டிபுரம் மாயாண்டி, தகப்பன் பாட்டன் பெயர், கூட வந்த ஆட்கள் ஒரு பக்கம். செல்வராசுவின் முப்பாட்டன் ராசிங்காபுரம் பெரியகருப்பன், தகப்பன் பாட்டன் பெயர், அவர் ஆட்கள் இன்னொரு பக்கம். வெவ்வேறு ஊர், வெவ்வேறு தகப்பன், வெவ்வேறு பாட்டன். கீழே மேனேஜர் எழுதிய ஒரு வரி: இரண்டு கூட்டத்தாரும் சேர்ந்து ஓடையில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள், கிடா வெட்ட அரை நாள் லீவு.

மலையில் காய்ச்சலுக்கும் யானைக்கும் பயந்து கிடந்த இரண்டு கூட்டம் சேர்ந்து ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டிருக்கிறது. இறங்கும்போது ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப் போயிருக்கிறது. அவ்வளவுதான். நீங்கள் அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினீர்கள். நான் செல்வராசுவைத் தேடி ஓடினேன். உங்களுக்கு நன்றி சொல்லவே மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அப்பா செய்த காரியம். மாமா எங்கே மறுத்துவிடுவாரோ என்ற பயத்தில், முதலில் ஊரையெல்லாம் அழைத்துவிட்டால் அவரால் வராமல் இருக்க முடியாது என்று கணக்குப் போட்டார். போடியிலிருந்து ராசிங்காபுரம் வரை வீடு வீடாகப் பாக்கு வைத்து அழைத்தார். மாமாவுக்குப் பத்திரிகையைக் குரங்கணி போகிற ஜீப்பில் கொடுத்துவிட்டார். மாமாவிடமிருந்து பதில் வந்தது: "பங்காளி இல்லன்னு தொரை கண்டுபிடிச்சாரு. சரி, ஒத்துக்கிறேன். நான் யாரு? அரிசி மூட்டையோட லோடுல வர்ற பத்திரிகைக்கு வர்ற ஆளா?"

கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலை போடாமல் நான் எப்படி மணையில் உட்காருவது? அழுதே முகம் வீங்கிவிட்டது. அப்பாவுக்கு யோசனை வந்தது. "தொரையவே மாமன் எடத்துல நிப்பாட்டிருவோம்." கேட்டவர்களுக்கெல்லாம் சந்தோஷம். எனக்கும்தான். மறைக்க மாட்டேன். உங்கள் முன்னால் வந்து, "உங்களை மாமா என்று கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன்.

உங்கள் முகம் சிவந்துபோனது. வேறு யாராக இருந்தாலும் சரி என்றிருப்பார்கள். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர், அம்மாவைத் தேடி ஏழு கடல் தாண்டி வந்தவர், உங்களுக்கு ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தும் சொன்னீர்கள்: "அது உயிரோடு இருக்கிற ஒருவருடைய இடம். அதில் நான் நிற்கக் கூடாது."

பிறகு அப்பாவிடம் திரும்பி, "மொதப் பாக்கு யாருக்கு வச்சீங்க?" என்றீர்கள்.

அப்பா தலையைச் சொறிந்தார். "ஒங்க ஊருல பெரியவுக கடைசியிலதான வருவாகன்னு நீங்கதான சொன்னீக?"

"அது எங்க ஊரு. ஒங்க ஊருல?"

முதல் பாக்கு சாமிக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு, அதற்கப்புறம்தான் மற்றவர்கள். இது அப்பாவுக்குத் தெரியாததா? பயம் வரிசையைக் குழப்பிவிட்டது.

மறுநாள் காலையில் வெற்றிலை பாக்குத் தட்டோடு குரங்கணிக்குப் போனோம். முன்னால் அப்பா, பின்னால் நான். எல்லோருக்கும் கடைசியில் நீங்கள். ஜீப்பை ஊர் எல்லையிலேயே நிறுத்தச் சொல்லி நடக்க வைத்தீர்கள். அப்பா தட்டை நீட்டி, "மாப்ளே, தப்பு என்னோடது. மொத எடம் ஒன்னோடது" என்றார். மாமா தட்டைப் பார்க்கவில்லை. பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வேர்த்துப்போய் நின்ற உங்களைப் பார்த்தார்.

"ஒங்கள மாமன் எடத்துல நிக்கச் சொன்னாகளாமே?"

"சொன்னாங்க."

"ஏன் நிக்கல?"

"நீங்க இருக்கீங்க" என்றீர்கள்.

மாமா தட்டை வாங்கிக்கொண்டார். கல்யாணத்தன்று அவர் கொண்டுவந்த சீர்த்தட்டுகளை எது முன்னால், எது பின்னால் என்று இருவரும் சேர்ந்துதான் அடுக்கினீர்கள். தேங்காய்த் தட்டுக்காக அரைமணி நேரம் வாதாடியதை ராசிங்காபுரத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பிறகு எத்தனை கடிதங்கள். 'இந்த வருஷம் ஊர்வலத்தில் இன்னொரு வரிசை பின்னால் போயிருக்கிறேன்' என்று எழுதினால் உங்களுக்குப் பதவி உயர்வு என்று எனக்கு அர்த்தம். ஓய்வு பெறும் முன் உங்களுக்கென்று சொந்தமாக ஒரு சின்னம் பதிந்துகொள்ளச் சொன்னார்கள் என்று வரைந்து அனுப்பினீர்கள். பச்சைக் கேடயத்தில் மூன்று ஏலக்காய். கரண்டியில் இருந்தது கடன் வாங்கிய பெருமை, இது என்னுடையது என்று எழுதியிருந்தீர்கள். செல்வராசு அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் எங்க ஊர் ஏலக்காய் லண்டன் பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்று அலட்டிக்கொள்கிறார்.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் வேலுச்சாமி மாமா தவறிவிட்டார். அதற்கு இரண்டு நாள் முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தாயி, எனக்கப்புறம் அந்த எடத்த அந்தத் தொரைக்குக் குடுத்துரு. அன்னைக்கு நெனச்சிருந்தா நின்னுருக்கலாம். நிக்கலயில்ல. மாமான்னே எழுது. நான் சொன்னேன்னு எழுது."

எழுதினேன் சார். பாதி எழுதினேன். ஏலக்காய் சீசன், கடை வேலை, மகளுக்குப் பரீட்சை என்று அந்த நீல நிறக் கடிதத்தாள் மேசை டிராயரிலேயே கிடந்தது. நிதானமாக, நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் உங்கள் நண்பரின் கடிதம் வந்துவிட்டது. உங்களுக்குச் சேர வேண்டிய ஒரு சொல்லை நாலு மாதம் டிராயரில் பூட்டி வைத்திருந்தேன். என்னை மன்னிப்பீர்களா? மாமா விட்டுக்கொடுத்தது தெரியாமலேயே போய்விட்டீர்களே, இதை நான் எங்கே போய்ச் சொல்வது?

அதனால்தான் இதை ஊரார் படிக்கும்படி அச்சில் போடுகிறேன். கட்டியம் என்றால் நாலு பேர் காதில் விழச் சொல்வதுதானே? கல்யாணப் பரிசாக நீங்கள் வரைந்து கொடுத்த எங்கள் வம்சப் படத்தில் உங்களைச் சேர்த்துக் கோடு போட மாட்டேன். இரத்தம் இல்லாத இடத்தில் கோடு போட்டால் உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் முறைக்குக் கோடு தேவையில்லை. இடத்துக்கு உரியவர் தன் வாயால் கொடுத்திருக்கிறார். இனி அதை மறுக்க உங்களுக்கு வழியில்லை.

கார்த்திகைக்கு உங்கள் அம்மாவின் கல்லறையைத் துடைத்தோம். ஈரத்துணியால்தான், சுரண்டவில்லை. என் மகள்தான் துடைத்தாள். எழுத்து நன்றாகத் தெரிகிறது. அவளுக்கு ஒருநாள் கல்யாணம் வரும். அன்றைக்கு முதல் பாக்கு ஓடைக்கரைச் சாமிக்கு. இரண்டாவது அவள் தாய்மாமன், என் தம்பிக்கு. மூன்றாவது பாக்கு, வேறு யார் வீட்டு வாசலையும் மிதிக்கும் முன்னால், மலையேறிப் போய் உங்கள் அம்மாவின் காலடியில் உங்கள் பெயர் சொல்லி வைப்பேன். ஜீப்பை எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் போவேன். வரிசை தவறாது மாமா.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்,
ஜெயக்கொடி